கொழும்பிலிருந்து வந்த கிருமி

என் மாமனாருக்கு வந்த நோயைப் பற்றி அவர் வெளியே சொன்னது "வயித்துல ஒரு சின்ன இது" என்பதுதான். அந்த 'இது' என்னவென்று அவருடைய கருப்பட்டி மண்டிக்கு வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. நாலு பேர் எழுந்து நின்று கும்பிடுகிற ஒரு வியாபாரி, தனக்குச் சிறுநீர் பிரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வது யுத்தம் முடிந்த அந்த நாட்களில் தூத்துக்குடியில் வழக்கமில்லை. சொல்லாமலே தாங்கிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் சுத்தமாக அடைத்துக்கொண்டு வயிறு பானைபோல ஆன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொன்னார்.

நான் அப்போது சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு ஊர் நிருபர். கப்பல் வந்தது, உப்பு ஏறியது, இந்த வருஷமும் முத்துக்குளிப்பு இல்லை என்று செய்தி அனுப்புவது என் பிழைப்பு. மாமாவுக்கு மகன் கிடையாது. மூத்த மருமகன் பம்பாயில் இருந்தார். ஆண்கள் வார்டில் பெண்களை மத்தியானம் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள். ஆக, சாயங்காலங்களில் மாமாவுக்குத் துணை இருக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மாமாவும் நானும் ஒருவரையொருவர் அளவுக்கு மீறி மதித்துக்கொண்டிருந்தோம். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் முன்னால் சட்டை போடாமல் இருந்ததில்லை, வெற்றிலை மென்றதில்லை, காலை நீட்டியதில்லை. கொட்டாவி வந்தால் எழுந்து உள்ளே போய் விட்டுவிட்டு வந்து உட்காருவார். நானும் அவர் சொல்லாமல் நாற்காலியில் உட்காருவதில்லை, அவர் சொல்லாமல் எழுந்திருப்பதும் இல்லை. இப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரு கட்டிலுக்கும் ஒரு முக்காலிக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தது அந்த நோய்.

டாக்டர் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவர், நாசரேத் பக்கத்துக்காரர். எதையும் கூச்சமில்லாமல் சொல்வார். முதல் நாளே, மாமா படுத்திருக்க, என்னைப் பார்த்து விளக்கினார்.

"மூத்திரப் பைக்குக் கீழ ப்ராஸ்டேட்னு ஒரு சுரப்பி சார். ஒரு கொட்டைப்பாக்கு சைஸ்லதான் இருக்கணும். அண்ணாச்சிக்கு ஆரஞ்சுப்பழம் சைஸ்ல இருக்கு. அது வழியை அடைச்சிட்டு நிக்கி. வயித்தைத் திறந்து எடுத்துரணும்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். வலியால் என்று டாக்டர் நினைத்தார். நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன் என்பதால் மூடினார் என்று எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆனால் எடுத்த சுரப்பிக்குள் சீழ் கட்டியிருந்ததாம். டாக்டர் அதை எதிர்பார்க்கவில்லை. அடிவயிற்றில் தொப்புளுக்குக் கீழே ஒரு ஓட்டை. அதன் வழியாகச் சிறுநீர்ப் பைக்குள் ஒரு சிவப்பு ரப்பர் குழாய். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலில். கொஞ்ச நாளில் குழாயை எடுத்துவிடலாம், புண் மூடிக்கொள்ளும், பழைய வழியிலேயே போகும் என்றார் டாக்டர். மாறாகக் காய்ச்சல் வந்தது. பட்டாளத்து மிச்சத்தில் கிடைத்த பென்சிலினை இரவும் பகலும் குத்தினார்கள். மாமாவின் இரண்டு பக்கமும் குத்த இடமில்லாமல் போனதே தவிர, காய்ச்சல் போகவில்லை.

டாக்டர் சீழைச் சென்னைக்கு அனுப்பிச் சோதிக்கச் சொன்னார். பதில் வந்த அன்று அவர் வார்டுக்குள் நுழைந்த நடை, பரீட்சையில் முதலாவதாக வந்த பையனின் நடை.

"டைபாய்டு கிருமி சார்! டைபாய்டு கிருமி போய் ப்ராஸ்டேட்ல குடியிருக்கு. புத்தகத்துல படிச்சிருக்கேன், கண்ணால பாத்ததில்ல. அண்ணாச்சி, உங்களுக்கு எப்பவாவது டைபாய்டு வந்திருக்கா?"

மாமா யோசித்தார். இளம் வயதில் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தபோது வெகு நாள் விஷக்காய்ச்சலில் கிடந்ததைச் சொன்னார்.

"அதான்! அன்னைக்கு உள்ள போனது இன்னைக்கு வரை வெளிய வரல."

"கொழும்புல இருந்து நான் ஒண்ணுமே கொண்டு வரலன்னு வீட்டுல இன்னும் குறை சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா" என்றார் மாமா. "இதைக் கொண்டு வந்திருக்கேன்னு எனக்கே தெரியலயே."

"கஸ்டம்ஸ்ல பிடிக்கலியா அண்ணாச்சி?" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. அங்கே தருவைகுளத்துக்காரர் ஒருவர் இருந்தார், சங்கு குளிப்பவர். தோணிக்கும் கடலடிப் பாறையான பாருக்கும் இடையில் கால் சிக்கி எலும்பு முறிந்து, காலை மேலே தூக்கிக் கட்டிப் படுத்திருந்தார்.

"அவன் டிரங்குப் பெட்டியத்தான் திறந்து பாத்தான்" என்றார் மாமா.

இது அபூர்வமான நோய் என்பது மாமாவுக்கு ஒரு விதத்தில் நிம்மதி. பார்க்க வருகிறவர்களிடம் நோய் எங்கே என்பதை விட்டுவிட்டு, எப்பேர்ப்பட்டது என்பதை மட்டும் சொல்ல முடிந்தது. "ஜில்லாவுலயே யாருக்கும் இல்லியாம்" என்பார். வந்தவர்களும் வாழ்த்துச் சொல்வதா, வருத்தம் சொல்வதா என்று தெரியாமல் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னது வேடிக்கையாக இல்லை.

"இந்தக் கிருமியைக் கொல்ல என்கிட்ட மருந்து இல்ல. சல்பா மாத்திரை கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். இந்தக் குழாய்தான் மருந்து. உள்ள உள்ளது பூரா தங்காம வெளிய வந்துக்கிட்டே இருக்கணும். வந்தா காய்ச்சல் விடும், புண் ஆறும், குழாயை எடுத்துரலாம். தங்குனா புண் ஆறாது. ஆறலன்னா ஆயுசு பூரா வயித்துல குழாய்தான், இடுப்புல போத்தல்தான்."

"போத்தலைக் கட்டிக்கிட்டு நான் மண்டியில எப்படி உட்காருவேன் டாக்டர்?" என்றார் மாமா. அவர் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை.

அதன் பிறகு நான் தினமும் ஆபீஸ் வேலை முடிந்து வார்டுக்குப் போய்விடுவேன். வராந்தாவின் கோடியில் நான் திரும்பும்போதே தருவைகுளத்துக்காரர் இரும ஆரம்பிப்பார். நெஞ்சைப் பிளக்கிற இருமல். வாசலில் நான் கால் வைத்ததும் நின்றுவிடும். முறிந்தது கால், நெஞ்சிலும் ஏதோ கோளாறு இருக்கிறது போலும் என்று நினைத்து நர்ஸம்மாவிடம் சொன்னேன். அவர் சாத்தான்குளத்துக்காரர், கண்டிப்பானவர். கசப்பான ஒரு மிக்ஸ்சரை வேளை தவறாமல் ஊற்றிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். தருவைகுளத்துக்காரர் அதைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்ததாகச் சொல்ல முடியாது.

மாமா எனக்காகச் சட்டை போட்டு, கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டுத் தயாராக இருப்பார்.

"வாங்க மாப்பிள்ளை. இருங்க."

நான் முக்காலியில் உட்காருவேன். கருப்பட்டிக்குச் சர்க்கார் விலைக் கண்ட்ரோல் வருமா, கொழும்புக் கப்பலில் என்ன வந்தது என்று பேச்சு நடக்கும். கொஞ்ச நேரம் ஆனதும் மாமாவின் முகம் வேர்க்கும். நெற்றியில், பிறகு மீசைக்கு மேலே. நான் விசிறியை எடுத்து வீசுவேன்.

"மாப்பிள்ளைக்கு ஏதும் சோலி இருக்குமே" என்பார் அவர்.

"ஒரு சோலியும் இல்ல மாமா."

பெரியவரைத் தனியாக விடக்கூடாது என்பது என் எண்ணம். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, அவருக்கு ஓய்வு வேண்டுமே என்று நானாக எழுந்திருக்கப் பார்ப்பேன். உடனே, "அதுக்குள்ள என்ன அவசரம் மாப்பிள்ளை, இருங்க" என்பார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை எழுந்ததும் இதைச் சொல்லாத மாமனார் கிடையாது. சொன்ன பிறகு உடனே கிளம்புகிற மாப்பிள்ளையும் கிடையாது. நான் உட்காருவேன். அவர் வேர்ப்பார். நேரம் ஆக ஆக அவருடைய மரியாதையும் கூடிக்கொண்டே போகும். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "பிள்ளைங்க சுகமா? வீட்டுல எல்லாரும் சுகமா?" என்று ஏற்கெனவே கேட்டதையே திரும்பக் கேட்பார்.

நான் வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும். மறுநாள் காலையில் கட்டு நனைந்திருக்கும். குழாயைச் சுற்றிக் கசிகிறது என்பார் நர்ஸம்மா. புண் ஆறவில்லை. காய்ச்சல் ஏறியது என்று தெரிந்தால் நான் மறுநாள் சீக்கிரம் போவேன். சீக்கிரம் போனால் அன்று காய்ச்சல் இன்னும் ஏறும். என் மனைவி, "ஏன், ஒரு நாள் லீவு போட்டு அப்பாகூட முழுசா இருந்தா என்ன?" என்று கேட்டாள்.

டாக்டருக்குத் தலை சுற்றியது. வேறு எங்காவது ஒரு சீழ்க்கட்டி ஒளிந்திருக்கிறதோ, இரண்டாவதாக ஒரு கிருமி வந்துவிட்டதோ என்று தடித்தடிப் புத்தகங்களைப் புரட்டினார். திரும்பவும் சென்னைக்குச் சாம்பிள் அனுப்பினார். மறுபடி வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அதைக் கேட்டு மாமா ஆடிப்போனார். நான் உடனே ஆபீசுக்கு லீவு எழுதிக்கொடுத்தேன்.

அன்று மத்தியானமே போய் உட்கார்ந்துவிட்டேன். தருவைகுளத்துக்காரர் இருமிய இருமலில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"என்ன மாப்பிள்ளை, இந்நேரத்துக்கு?" என்றார் மாமா.

"இன்னைக்குப் பூராவும் உங்ககூடத்தான் மாமா. லீவு போட்டுட்டேன்."

மாமாவின் முகத்தில் அப்போது தோன்றியதைப் பல சமயங்களில் நினைத்துப் பார்த்திருக்கிறேன். கோர்ட்டில் தீர்ப்பைக் கேட்கிறவர்களின் முகத்தில் அதைக் கண்டிருக்கிறேன். "சந்தோஷம்" என்றார்.

பேசினோம். வேர்த்தார். விசிறினேன். உப்பளத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், வாக்கியத்தின் நடுவில் நிறுத்திக் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். போர்வையில் ஈரம் பரவியது. நான் நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன்.

"வேண்டாம் மாப்பிள்ளை, ஒண்ணுமில்ல" என்றார் மாமா. அதற்குள் நர்ஸம்மா வந்து போர்வையை விலக்கிவிட்டார்.

குழாய் நடுவில் இரண்டாக மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பை இறுக்கிப் பனை நாரால் ஒரு கட்டு. சாதாரணக் கட்டு இல்லை. கருப்பட்டிச் சிப்பத்துக்குப் போடுகிற சுருக்கு முடிச்சு. ஒரு முனையை இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும், இழுக்காதவரை கப்பலேறிக் கொழும்பு போனாலும் நெகிழாது. மண்டியிலிருந்து அவருக்குப் பலகாரம் வந்த ஓலைக் கொட்டானில் இருந்த நார். அந்தக் குழாய்க்குள் ஒரு சொட்டுகூட நகர வழி இல்லை.

"அண்ணாச்சி, இது யாரு கட்டுனது?"

மாமா போர்வையை இழுத்து மூடப் பார்த்தார்.

"யாரு கட்டுனதுன்னு கேக்கேன்."

"நாந்தான்."

"என்னத்துக்கு?"

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு, வார்டு முழுக்கக் கேட்கிறது என்று தெரியாமல், ரகசியம் போலச் சொன்னார்:

"மாப்பிள்ளை உக்காந்திருக்காகள்லா. அவுக காலடியில போத்தல் நிறைஞ்சுக்கிட்டு இருந்தா எப்படிம்மா நான் அவுக முகத்தைப் பாத்துப் பேசுவேன்?"

நர்ஸம்மா முனையை இழுத்தார். கட்டிலுக்குக் கீழே நெடுநேரம் சத்தம் கேட்டது. நான் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டார்; ஆனால் அவர் முகம், அத்தனை நாளில் முதல் தடவையாக, இளகியது.

டாக்டர் வந்து, நாரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நான் மெட்ராஸுக்கு ரெண்டாவது சாம்பிள் அனுப்பியிருக்கேன். தூங்காம படிச்சுக்கிட்டு இருக்கேன். உங்க வயித்தைத் திரும்ப வெட்ட இருந்தேன்!"

"நான் அவுக போனதும் அவுத்துருவேன் டாக்டர். சில நாள் அசதியில தூங்கிப் போயிருவேன்."

"மூச்சை அடக்குதது எங்க தொழிலு" என்றார் தருவைகுளத்துக்காரர். "அண்ணாச்சி எங்களையே மிஞ்சிட்டாக."

நர்ஸம்மா அவர் பக்கம் திரும்பினார். "ஓஹோ. அப்ப உம்ம இருமல்?"

"அது இப்பத் தேவல நர்ஸம்மா. மிக்ஸ்சர் நல்லாக் கேட்டுச்சு."

டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "சார், தப்பா நினைக்காதீங்க. புண் ஆறுற வரைக்கும் நீங்க இந்த வார்டுப் பக்கம் வரக்கூடாது. இதுதான் இப்ப மருந்து."

மருந்து வேலை செய்தது. நான் போகாத முதல் இரவே நடுக்கம் இல்லை. அடுத்தடுத்துக் காய்ச்சல் இறங்கியது. கட்டு காய்ந்தது. சென்னையிலிருந்து வந்த இரண்டாவது அறிக்கை, அதே பழைய கிருமிதான், புதிதாக யாரும் வரவில்லை என்றது.

வெளியே என் நிலைமை மோசமாயிற்று. மாமனார் உயிருக்குப் போராடுகிறார், மாப்பிள்ளை எட்டிப் பார்ப்பதில்லை என்று பேச்சு கிளம்பியது. காரணத்தைச் சொல்ல முடியாது. மாமா எதை மறைக்கக் குழாயைக் கட்டினாரோ, அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். மில்லர்புரத்திலிருந்து என் மனைவிக்குச் சித்தப்பா முறையுள்ள ஒருவர் என்னிடம் சமாதானம் பேச வந்தார்.

"பெரியவரு வாய் தவறி ஏதாவது சொல்லியிருப்பாரு. நீங்க படிச்சவக, மனசுல வச்சிக்கிடலாமா?"

"அவுக ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லாமலா நீங்க போகாம இருக்கிய?"

"டாக்டர்தான் வரவேண்டாம்னு சொல்லியிருக்காரு."

"மாமனாரைப் பாக்க மாப்பிள்ளை வரக்கூடாதுன்னு எந்த டாக்டரு சொல்லுவாரு?" என்று கேட்டுவிட்டு, நான் பொய் சொல்கிறேன் என்ற தீர்மானத்தோடு எழுந்து போனார்.

உள்ளே மாமாவும் இதே கவலையில் இருந்தாராம். மாப்பிள்ளை மனம் கோணிவிட்டார் என்று நர்ஸம்மாவிடம் தினமும் புலம்பினார். கடைசியில் வயிற்றுக் குழாயை எடுத்து, புண் ஏறக்குறைய மூடிக்கொண்டு, பழைய வழி திறக்கிறதா என்று பார்க்க வேண்டிய நாள் வந்தது. அன்று சிறுநீர் போகாவிட்டால் திரும்பக் குழாய்தான், அப்புறம் அதை எடுக்கிற பேச்சே இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமா, மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல் தன்னால் எதுவும் முடியாது என்று பிடிவாதம் பிடித்தார். எனக்கு ஆள் வந்தது.

பெண்களை விடுகிற மத்தியான நேரத்தில் நானும் மனைவியும் போனோம். மாமாவின் முகம் தெளிந்திருந்தது. "வருத்தம் ஏதும் இல்லியே மாப்பிள்ளை?" என்றார். இல்லை என்றேன். அவர் கட்டிலைச் சுற்றித் துணித் தடுப்பை இழுத்துவிட்டார்கள். உள்ளே மாமாவும் ஒரு எனாமல் பாத்திரமும். வெளியே டாக்டர், நர்ஸம்மா, நாங்கள் இருவர், இன்னும் கால் தூக்கிக் கட்டிய தருவைகுளத்துக்காரர், வார்டில் படுத்திருந்த அத்தனை பேரும்.

ஒன்றும் நடக்கவில்லை.

டாக்டர் கைகழுவும் குழாயைத் திறந்துவிடச் சொன்னார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் வருமாம். தண்ணீர் விழுந்தது. தடுப்புக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சுதான் வந்தது. என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நர்ஸம்மா தட்டில் புதுக் குழாயை எடுத்து வைத்தார்.

நான் டாக்டரின் காதில், "நான் வேணும்னா வெளிய போறேன்" என்றேன். தடுப்புக்குள் காது கூர்மையாக இருந்தது.

"இருங்க மாப்பிள்ளை, அதுக்குள்ள என்ன அவசரம்!"

"நீங்க போங்க சார்!" என்று டாக்டர் கத்தியே விட்டார்.

செருப்புச் சத்தம் நன்றாகக் கேட்கும்படி நடந்து வெளியே வந்தேன். ஆனால் வராந்தாவைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை. சுவரோரம் நின்றேன்.

"மாப்பிள்ளை போயாச்சா?" என்று மாமாவின் குரல்.

"கேட்டைத் தாண்டியாச்சு அண்ணாச்சி" என்றார், கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தபடியே தருவைகுளத்துக்காரர்.

சற்று நேரம் கழித்து எனாமலில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு விட்டுவிட்டு, பிறகு விடாமல். வார்டில் யாரோ கை தட்டினார்கள். நர்ஸம்மா அதட்டி அடக்கினார்.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கேட்டைத் தாண்டி, சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். உப்பு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. என் மனைவி ஓடி வந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"அப்பாவுக்கு நல்லாயிருச்சு! குழாய் வேண்டாமாம்! புண்ணு முழுசா ஆறுனதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமாம்!"

நான் வராந்தாவில் நின்று கேட்டேன் என்று இவளிடம் சொன்னால், இன்று இல்லாவிட்டால் நாளை அது மாமாவின் காதுக்குப் போகும். அவர் மறுபடி அடைத்துக்கொள்ளக் கூடியவர்.

"அப்படியா?" என்றேன்.

"என்ன, அப்படியாங்கிய? அவ்வளவுதானா? ஊரு சொல்லுதது சரிதான் போல" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனாள். நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.